லேடி லிட்டனா, ஜேன் வார்ட்டனா? – பிரிட்டிஷ் பெண்களின் ஓட்டுப் போராட்டம் பற்றிப் பேசலாம்

மேகலை (இழையைத் தொடங்கியவர்)

பிரிட்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர்கள் என்றால் நம்மில் பலருக்கு இரண்டு பெயர்தான் தெரியும். எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட், அப்புறம் குதிரைப் பந்தயத்தில் அரசரின் குதிரை முட்டி இறந்துபோன எமிலி டேவிசன். எனக்கு மூன்றாவதாக ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். கான்ஸ்டன்ஸ் லிட்டன்.

பிரபு குடும்பம். கூச்ச சுபாவம், திருமணம் ஆகவில்லை, சிறு வயதிலிருந்தே உடம்பு சரியில்லாதவர். நாற்பதை நெருங்கும்போதுதான் போராட்டத்துக்கே வருகிறார். 1909 அக்டோபரில் நியூகாசிலில் ஒரு காரின் மேல் கல்லெறிந்து கைதானார். சிறையில் சாப்பிட மறுத்தார். டாக்டர் வந்தார், இதயத்தைச் சோதித்தார், பலவீனமாக இருக்கிறது என்று சொல்லி இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். அவரோடு கைதான சாதாரணப் பெண்களுக்கு அந்தச் சலுகை இல்லை. குழாய் வைத்து வலுக்கட்டாயமாக உணவு ஊற்றினார்கள்.

இதயத்தைப் பார்த்து விட்டார்களா, பெயருக்கு முன்னால் இருந்த ‘லேடி’யைப் பார்த்து விட்டார்களா என்ற சந்தேகம் அவருக்கு. அதைச் சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். தலைமுடியை வெட்டிக்கொண்டார். மலிவான மூக்குக்கண்ணாடி, பொருந்தாத தொப்பி, முரட்டுக் கோட்டு வாங்கினார். உள்ளாடையில் தைத்திருந்த தன் பெயரின் முதலெழுத்துகளைக்கூடப் பிரித்து எடுத்தார். சிறையில் பார்க்க லட்சணமில்லாத பெண்களைத்தான் மோசமாக நடத்துகிறார்கள் என்பதைக் கவனித்திருந்ததால், வேண்டுமென்றே அவலட்சணமாக வேஷம் கட்டினார். பெயர் ஜேன் வார்ட்டன், தொழில் தையல்.

1910 ஜனவரியில் லிவர்பூலில் சிறை அதிகாரி வீட்டுத் தோட்டத்துக்குள் கல் போட்டுக் கைதானார். 14 நாள் தண்டனை, வால்ட்டன் சிறை. நாலாவது நாள் குழாயோடு வந்துவிட்டார்கள். இந்த முறை யாரும் இதயத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரும்புக் கருவியால் வாயைப் பிளந்து, நாலடி நீளக் குழாயைத் தொண்டைக்குள் இறக்கினார்கள். உடம்பெல்லாம் வாந்தி. வேலை முடிந்ததும் டாக்டர் கன்னத்தில் ஓர் அறை விட்டுப் போனார். பிறகொரு நாள் நடுக்கம் நிற்காதபோது உதவி டாக்டரைக் கூப்பிட்டு நெஞ்சில் காது வைக்கச் சொன்னார்கள். அவர் கேட்டுவிட்டு, பிரமாதமான இதயம், தொடரலாம் என்றாராம். மொத்தம் எட்டு முறை.

ஆள் யாரென்று வெளியே தெரிந்ததும் அவசரமாக விடுதலை. அரசாங்கமோ அந்தஸ்து பார்த்து நாங்கள் யாரையும் நடத்துவதில்லை என்று சாதித்தது. 1912ல் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தது. சிறை அனுபவங்களைப் புத்தகமாக எழுதி முடித்தது இடது கையால்.

இந்தப் போராட்டத்திலேயே அரசாங்கத்தின் முகத்தை இவ்வளவு சுத்தமாகக் காட்டிய காரியம் வேறில்லை என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

---

ஒத்தக்கடை

மேகலை, இவர் வைஸ்ராய் லிட்டனின் மகள்தானே? 1876 முதல் 1880 வரை இங்கே ஆட்சி செய்த அதே லிட்டன்?

அப்படியென்றால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாது வருஷப் பஞ்சம் அவர் காலம்தான். சென்னை மாகாணத்தில் ஜனங்கள் ரோட்டோரம் விழுந்து செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க தர்பார் நடத்தினார். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று அரசாங்கத்தின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கணக்கு அவர் ஆட்சியில்தான் அமலானது. வேலையோ கல் உடைப்பதும் மண் சுமப்பதும்.

இங்கே சோறு கேட்டு நின்றவனுக்குக் கொடுக்கவில்லை. அங்கே வேண்டாம் என்ற பெண்ணுக்குத் தொண்டையில் இறக்கினார்கள். ஒரே அரசாங்கம்.

---

மேகலை

அவர்தான் அண்ணே. தர்பார் நடந்தபோது கான்ஸ்டன்ஸுக்கு 7 வயது. அப்பா செய்ததை மகள் கணக்கில் எழுத எனக்கு மனசில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் கடைசி வரிகளுக்கு என்னிடம் பதிலும் இல்லை.

குடும்பம் முழுக்கவே நம் பக்கத்தோடு ஏதோ ஒரு முடிச்சு உண்டு. தங்கை எமிலி, புதுடெல்லியைக் கட்டிய லட்யன்ஸின் மனைவி. அடையாறு பிரம்மஞான சபையில் சேர்ந்து, ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தாய்போலப் பார்த்துக்கொண்டவர். அண்ணன்… இல்லை, தம்பி விக்டர், 1910ல் பெண்கள் ஓட்டுக்காக எல்லாக் கட்சி எம்.பி.க்களும் சேர்ந்து அமைத்த சமரசக் குழுவுக்குத் தலைவர்.

---

கிழக்குக்காற்று

நல்ல பதிவுதான். ஆனால் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழைப் பெண்ணை எப்படி நடத்துகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு பிரபு வீட்டுப் பெண் வேஷம் கட்ட வேண்டியிருந்தது. நிஜ ஜேன் வார்ட்டன்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் சொன்னபோது ஏன் யாரும் கேட்கவில்லை?

லங்காஷையர் பஞ்சாலைகளுக்குப் போய்ப் பாருங்கள். பாங்க்ஹர்ஸ்ட் தன் சங்கத்தை மான்செஸ்டரில் தொடங்கியது 1903 அக்டோபரில். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1901ல், அந்த வட்டாரத்து ஆலைப் பெண்கள் 29,359 பேர் ஓட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட மனு பார்லிமென்டுக்குப் போயிருக்கிறது. ஆலை வாசலில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்று, அப்புறம் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தவை அவை. காலையில் இருட்டோடு எழுந்து, பத்து மணி நேரம் தறியில் நின்று, வீட்டுக்கு வந்து சமைத்துப் போட்டுவிட்டு, அதன் பிறகு பிரசுரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போன பெண்கள்.

அதில் ஒருவர் செலினா கூப்பர். 10 வயதில் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் பஞ்சாலை. நெல்சன் என்ற சின்ன ஊரில் குடும்பம் நடத்தினார். பிறகு, சட்டத்தை மீறாமல் ஓட்டுக் கேட்ட மில்லிசென்ட் ஃபாசெட்டின் தேசிய ஒன்றியத்தில் சம்பளம் வாங்கும் பேச்சாளரானார். 1910ல் பிரதமர் ஆஸ்க்வித்தைச் சந்தித்த பெண்கள் குழுவிலும் இருந்தார். இவர் ஜன்னல் உடைத்ததில்லை, அதனால் படத்தில் வருவதுமில்லை.

பாங்க்ஹர்ஸ்ட் சங்கத்திலும் ஆலைப் பெண் இருந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அன்னி கென்னி. அவரும் 10 வயதில் ஆலைக்குப் போனவர்தான். நூல் சுற்றும் இடத்தில் ஒரு விரலை இழந்தவர்.

---

பழைய வக்கீல்

சட்டம் எங்கே இருந்தது என்று பார்த்தால்தான் கல் ஏன் வந்தது என்பது புரியும்.

1832 சீர்திருத்தச் சட்டம் ‘ஆண்’ என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. 1866ல் சுமார் 1,500 பெண்கள் கையெழுத்திட்ட மனுவை எம்.பி.யாக இருந்த தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் சபையில் வைத்தார். அந்தக் காகிதச் சுருளைக் கொண்டுபோன எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும், அது கண்ணை உறுத்தாமல் இருக்க, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ஆப்பிள் விற்கும் கிழவியின் மேஜைக்கு அடியில் மறைத்து வைத்தார்களாம். மறுவருஷம் ‘ஆண்’ என்பதை ‘நபர்’ என்று மாற்ற மில் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196.

அதன் பிறகு நாற்பது வருஷம் மனு, மசோதா, விவாதம், தோல்வி. இந்த இடைவெளியில் வரி கட்டும் தனிப் பெண்கள் நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று 1869ல் அனுமதித்தார்கள். சாக்கடைக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்யலாம், சட்டத்துக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்யக் கூடாது.

1910ல் மேகலை சொன்ன சமரசக் குழு ஒரு மசோதா கொண்டுவந்தது. சொத்துள்ள பெண்கள் சுமார் பத்து லட்சம் பேருக்கு மட்டும் ஓட்டு. அதையும் ஆஸ்க்வித் கைவிட்டார். நவம்பர் 18, வெள்ளிக்கிழமை. ஏறத்தாழ 300 பெண்கள் பார்லிமென்டை நோக்கிப் போனார்கள். ஆறு மணி நேரம் போலீஸ் அவர்களை அடித்தது, தூக்கி வீசியது, மார்பைப் பிடித்துத் திருகியது. 115 பெண்களும் 4 ஆண்களும் கைது. மறுநாளே பெரும்பாலான வழக்குகளை உள்துறை அமைச்சர் சர்ச்சில் வாபஸ் வாங்க வைத்தார். வழக்கு நடந்தால் சாட்சி சொல்வார்களே!

இதற்குப் பிறகு ஜன்னலை உடைப்பதில் அவர்களுக்கு ஒரு கணக்கும் இருந்தது. கூட்டத்தோடு போனால் மணிக்கணக்கில் அடி. கண்ணாடியை உடைத்தால் ஒரு நிமிஷத்தில் கைது. உடம்புக்கு இதுதான் பாதுகாப்பு.

---

ராஜி_மதுரை

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முன்வரிசையில் பஞ்சாப் இளவரசி ஒருவர் இருந்தாரே, சோஃபியா துலீப் சிங்? ரஞ்சித் சிங்கின் பேத்தி, விக்டோரியா மகாராணியின் ஞானப் பேத்தி… ஞான மகள் என்று சொல்ல வேண்டும். மகாராணி கொடுத்த வீட்டில் குடியிருந்துகொண்டு, அந்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாசலிலேயே நின்று போராட்டப் பத்திரிகை விற்றவர். அந்தப் புகைப்படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரோமக் கோட்டு போட்டுக்கொண்டு, பக்கத்தில் விளம்பரப் பலகையை வைத்துக்கொண்டு கிண்ணென்று நிற்பார்.

---

பழைய வக்கீல்

அவரேதான். ஓட்டு இல்லையென்றால் வரியும் இல்லை என்று ஒரு சங்கம் நடத்தினார்கள், அதில் முக்கியமானவர். 1911ல் நாய்களுக்கும் வண்டிக்கும் வேலைக்காரருக்கும் லைசென்ஸ் எடுக்கவில்லை என்று வழக்கு. அபராதம் கட்ட மறுத்தார். ஏழு கல் வைத்த வைர மோதிரத்தை ஜப்தி செய்து ஏலம் விட்டார்கள். சங்கத்துப் பெண் ஒருவரே ஏலத்தில் எடுத்து அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் சிறைக்கு மட்டும் அவரை அனுப்பவே இல்லை. துலீப் சிங்கின் மகள் உண்ணாவிரதம் இருக்கிறார் என்று செய்தி வந்தால் இந்தியாவில் என்னாகும் என்ற பயம் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

---

சந்தேகி

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். 1912க்குப் பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் 1913 பிப்ரவரியில் குண்டு. கியூ தோட்டத்துத் தேநீர் மண்டபம் எரிந்து சாம்பல். 1914 மார்ச்சில் தேசிய ஓவியக் கூடத்தில் வெலாஸ்கஸ் ஓவியத்தை மேரி ரிச்சர்ட்சன் கொத்துக்கத்தியால் கிழித்தார். அவர் பின்னாளில் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளோடு சேர்ந்தார் என்பது கூடுதல் தகவல். தபால் பெட்டிக்குள் ரசாயனம் ஊற்றினார்கள். கடிதம் போட்டவன் என்ன பாவம் செய்தான்? இதையே வேறு யாராவது செய்திருந்தால் நாம் என்ன பெயர் வைப்போம்?

---

தபால்காரர்

சந்தேகி தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் பெட்டி திறந்து கடிதம் எடுத்த ஆள், அதனால் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் தபால் பைக்குள் இருந்த பாஸ்பரஸ் பற்றிக்கொண்டு ஊழியர்களின் கை வெந்தது. அவர்களில் எத்தனை பேருக்கு ஓட்டு இருந்திருக்குமோ. ஆண்களிலேயே பத்தில் நாலு பேருக்கு அப்போது ஓட்டு கிடையாது.

ஆனால் அதே தபாலை வைத்து அவர்கள் செய்த வேறொரு வேலையைக் கேளுங்கள். 1909 பிப்ரவரியில் டெய்சி சாலமன், எல்ஸ்பெத் மக்லெலண்ட் என்ற இரண்டு பெண்கள் தபாலாபீஸுக்குப் போய்த் தங்களையே எக்ஸ்பிரஸ் தபாலாக அனுப்பச் சொன்னார்கள். முகவரி, பிரதமர் ஆஸ்க்வித், 10 டவுனிங் தெரு. ஆளைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கும் வசதி அன்றைய விதியில் இருந்தது. தந்திப் பையன் ஒருவன் கையெழுத்து வாங்கும் தாளோடு இருவரையும் நடத்திக் கூட்டிப்போய்க் கதவைத் தட்டினான். உள்ளேயிருந்தவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். பட்டுவாடா ஆகாத தபாலாகத் திரும்பி வந்தார்கள்! அந்தப் பையன் ஆபீஸில் என்ன எழுதிக் கொடுத்திருப்பான் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது.

---

நெறியாளர்

நம் ஊர்க் கட்சிகளை ஒப்பிட்டு எழுதியிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது.

---

மேகலை

@சந்தேகி, தீவைப்பை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் வரிசையை மாற்றிவிடக் கூடாது. 1905 அக்டோபரில் மான்செஸ்டர் கூட்டத்தில் எம்மலினின் மூத்த மகள் கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டும் அன்னி கென்னியும் லிபரல் கட்சித் தலைவர் எட்வர்ட் கிரேயிடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள். நீங்கள் ஆட்சிக்கு வந்தால் பெண்களுக்கு ஓட்டுத் தருவீர்களா? ஆண்கள் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது, இவர்கள் கேட்டதற்கு மட்டும் வரவில்லை. வெளியே இழுத்துப் போட்டார்கள். அபராதம் கட்டாமல் சிறைக்குப் போனார்கள். மறுநாள்தான் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. அதுவரை மனுக்களைப் பற்றி எத்தனை வரி எழுதின?

1908 ஜூன் 21 அன்று ஹைட் பார்க்கில் லட்சக்கணக்கில் கூட்டம் கூட்டிக் காட்டினார்கள். மக்கள் ஆதரவு எங்கே என்று கேட்டவர்களுக்கு அது பதில். ஆஸ்க்வித் அசையவே இல்லை. ஒன்பது நாள் கழித்து மேரி லீயும் எடித் நியூவும் டவுனிங் தெருவில் அவர் வீட்டு ஜன்னலில் கல் விட்டார்கள்.

உண்ணாவிரதம்கூடத் தலைமை போட்ட திட்டம் இல்லை. 1909 ஜூலையில் மரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர் தானாகத் தொடங்கியது. அரசியல் கைதியாக நடத்து என்பது கோரிக்கை. 91 மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்க, செப்டம்பரில் குழாய் வந்தது. குழாய்க்குக் கெட்ட பெயர் வந்ததும் 1913ல் புதுச் சட்டம். பட்டினியில் துவண்டால் வெளியே விடு, தேறியதும் மறுபடி பிடித்துப் போடு. பூனை எலி விளையாட்டுச் சட்டம் என்று ஊரே சொன்னது. அப்படி வெளியே வந்த எம்மலினை மறுபடி பிடிக்கவிடாமல் காப்பதற்குப் பெண்களே ஒரு மெய்க்காப்புப் படை வைத்திருந்தார்கள். ஜுஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைச் சொல்லிக் கொடுத்தவர் எடித் கேரட். உயரம் ஐந்தடிகூட இல்லை.

---

கிழக்குக்காற்று

பரபரப்பு பாங்க்ஹர்ஸ்ட் பக்கம், ஆள்பலம் ஃபாசெட் பக்கம். 1914ல் தேசிய ஒன்றியத்துக்கு சுமார் 500 கிளைகள், 50,000க்கு மேல் உறுப்பினர்கள். 1913 கோடையில் நாட்டின் நாலு மூலையிலிருந்தும் ஆறு வாரம் நடந்தே லண்டன் வந்தார்கள். வழியில் சில ஊர்களில் கல்லடி, அழுகிய முட்டை. தீ வைக்கிறவர்களும் இவர்களும் ஒன்றே என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஆக, அவர்கள் வைத்த தீக்கு இவர்கள் அடி வாங்கினார்கள். மேகலை இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. பாங்க்ஹர்ஸ்ட் சங்கத்தில் தேர்தல் கிடையாது. அம்மாவும் மூத்த மகளும் சொல்வதுதான் சட்டம். 1907ல் அதைக் கேள்வி கேட்ட சார்லட் டெஸ்பார்டும் தெரசா பில்லிங்டனும் வெளியே வந்து தனிக் கழகம் தொடங்கினார்கள். கொடிகளையும் சங்கிலிகளையும் பற்றிப் பேசும்போது இந்தக் கழகத்தை மறந்துவிடுகிறோம். பார்லிமென்ட் மாடத்துக் கம்பித் தடுப்பில் 1908ல் தன்னைச் சங்கிலியால் பூட்டிக்கொண்ட மியூரியல் மேட்டர்ஸ் இவர்கள் ஆள்தான். பூட்டைத் திறக்க முடியாமல் கம்பியோடு சேர்த்துப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசியாக 1914 ஜனவரியில் கிழக்கு லண்டன் தொழிலாளிப் பெண்களோடு வேலை செய்த சொந்த மகள் சில்வியாவையே வெளியேற்றினார்கள். ஓட்டுக் கேட்கும் சங்கத்துக்குள் ஓட்டு இல்லை.

---

ராஜி_மதுரை

எமிலி டேவிசன் சாகத்தான் போனாரா? ரிட்டர்ன் டிக்கெட் பையில் இருந்தது என்கிறார்களே.

---

பழைய வக்கீல்

1913 ஜூன் 4, எப்சம் குதிரைப் பந்தயம். டிக்கெட் இருந்தது உண்மை, ஆனால் பந்தய நாளுக்கு விற்றதே போகவர டிக்கெட்டுதான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குதிரையின் மேல் ஏதோ கொடியைக் கட்டப் பார்த்தார் என்பார்கள் சிலர். முந்தின வருஷம் ஹாலோவே சிறையில், தோழிகளுக்குக் குழாய் வைப்பதை நிறுத்த ஓர் உயிர் போனால் போதும் என்று மாடிப்படியிலிருந்து குதித்தவர் அவர். நான்கு நாள் கழித்து நினைவு திரும்பாமலே இறந்தார். அவருக்கு 49 முறை குழாய் வைத்திருக்கிறார்கள். எப்சமைவிட அந்த 49தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

---

யாழ்வாசி

இழையைத் திசை திருப்பேல்லை, ஒரு தகவல் மட்டும். அங்கே 1918ல் ஓட்டு வந்தது 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத்தான், அதுவும் வீடு வாசல் தகுதியோடு. 21 வயதுப் பெண்ணுக்கு 1928 வரை இல்லை. இலங்கையில் 1931 தேர்தலிலேயே 21 வயது ஆணும் பெண்ணும் ஓட்டுப் போட்டினம், மூன்றே வருட வித்தியாசம். தோட்டத் தொழிலாளர் பலருக்கு வதிவிட நிபந்தனை குறுக்கே நின்றது, அது வேறு கதை.

சென்னை மாகாணம் 1921லேயே பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது, சொத்துத் தகுதியோடு. அதற்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் அடையாறில் இருந்த மார்கரெட் கசின்ஸ். அவர் ஐரிஷ்காரி, டவுனிங் தெருவில் ஜன்னலுக்குக் கல்லெறிந்து ஹாலோவேயில் இருந்துவிட்டு வந்தவர்.

---

சந்தேகி

சரி, 1918ல் கொடுத்தது போருக்கான பரிசு என்றுதானே பாடப்புத்தகம் சொல்கிறது? கல்லுக்கும் கையெழுத்துக்கும் இதில் என்ன வேலை?

---

பழைய வக்கீல்

பரிசு என்றால் உழைத்தவருக்குத்தானே கொடுக்க வேண்டும்? வெடிமருந்துத் தொழிற்சாலையில் ரசாயனம் பட்டுத் தோல் மஞ்சளாகிப்போன பெண்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். அவர்களுக்கு ஓட்டுக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஏறத்தாழ 85 லட்சம் பெண்களுக்கு. 30 வயதும் தகுதியும் வைத்ததற்குக் காரணம், போரில் அத்தனை ஆண்கள் செத்த பிறகு பெண் வாக்காளர்கள் எண்ணிக்கையில் மிஞ்சிவிடக் கூடாது என்ற பயம்.

சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்ததே போர்வீரர்களுக்காக. வெளிநாட்டில் சண்டை போட்டதால் வசிப்பிடத் தகுதியை இழந்த ஆண்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்தக் கதவு திறந்தபோது ஃபாசெட் ஆட்கள் தயாராக வாசலில் நின்றார்கள். கதவை மறுபடி சாத்தினால் பழைய தீவைப்பு திரும்பும் என்ற நினைப்பும் உள்ளே இருந்தவர்களுக்கு இருந்தது. 1917 ஜூன் 19 அன்று காமன்ஸ் சபையில் 385க்கு 55. ஆஸ்க்வித்தே மாறி ஓட்டுப் போட்டார்.

---

கிழக்குக்காற்று

அதற்குத்தான் சொல்கிறேன். 1901 மனுவில் கையெழுத்துப் போட்ட ஆலைப் பெண் 1918ல் முப்பதைத் தாண்டி, கல்யாணமாகி, கணவன் பெயரில் வாடகை வீடு இருந்தால் ஓட்டுப் போட்டிருப்பாள். பக்கத்துத் தறியில் நின்ற கல்யாணமாகாத தங்கை, அக்கா வீட்டு அறையில் ஒண்டிக்கொண்டிருந்தவள், 35 வயதானாலும் போட்டிருக்க மாட்டாள்.

---

ஒத்தக்கடை

மேகலை, கான்ஸ்டன்ஸ் 1918ல் ஓட்டுப் போட்டாரா?

---

மேகலை

வயது 49. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் வீட்டில்தான் இருந்தார் அண்ணே. சொந்த வீடும் இல்லை, கணவரும் இல்லை. கிழக்குக்காற்று சொன்ன அந்தத் தங்கைக்குப் பொருந்துகிற சட்டம் இவருக்கும் பொருந்தும். இறந்தது 1923ல், சம ஓட்டு வந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து.

சில்வியாவுக்கும் கிழக்கு லண்டனுக்கும் தனி இழை போடலாம் என்று நினைக்கிறேன். கிழக்குக்காற்று, நீங்களே தொடங்குங்களேன்.